கட்டுமரமும் சங்காடமும்: தீவுக்குப் போன மரங்கள்

தமிழிலிருந்து உலகுக்குப் போன சொற்களை எண்ணத் தொடங்கினால் மிளகுத்தண்ணீருக்கும் சுருட்டுக்கும் முன்னால் கட்டுமரத்தை வைத்துப் பெருமை கொள்வது நம் வழக்கம். பள்ளிப் பாடநூலிலும் பட்டிமன்ற மேடையிலும் அந்தப் பெருமை தவறாமல் ஒலிக்கும். போன சொல் எந்தப் பொருளின்மேல் போய் உட்கார்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டுப் பார்த்தால் கதை கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது.

இன்று அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ ஒருவர் 'கேட்டமரான்' வைத்திருக்கிறேன் என்றால், அவரிடம் இருப்பது இரண்டு ஒடுங்கிய ஓடங்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த பாய்ப்படகு. அதில் சிறிய வகை கடற்கரையிலிருந்தே தள்ளிவிடக் கூடியது. கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்து வந்த ஹோபி ஆல்டர் 1960களின் இறுதியில் உருவாக்கிய 'ஹோபி' வரிசைப் படகுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பதினாறடிக்குச் சற்றுக் கூடுதலான நீளம். ஏறத்தாழ 145 கிலோ எடை. நடுவே முறுக்கிக் கட்டிய துணித்தளம். விடுமுறை நாள்களில் அதைப் பூட்டித் தயார் செய்து, கூடாரத்தையும் போர்வையையும் நீர் புகாத பைகளில் திணித்துத் துணித்தளத்தோடு வரிந்து கட்டி, குடிநீரை அளந்து வைத்துக்கொண்டு, அருகிலுள்ள தீவின் மணற்கரையில் ஓரிரவு தங்கி வருவது அங்கே ஒரு பொழுதுபோக்கு. எதை ஏற்றுவது, எதை விடுவது, அலையில் கவிழ்ந்தாலும் எது போகாதபடி கட்டுவது என்பதெல்லாம் அவர்களுக்குள் பெரிய ஆராய்ச்சி.

இந்தப் படகில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. கண்ணாடியிழையும் அலுமினியமும்தான். பெயர் மட்டும் நம்முடையது.

பெயர் போன வழியைப் பார்ப்போம். கடலோடியும் எழுத்தாளருமான வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட உலகப் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்திருக்கிறார். அவர் கண்டது ஒன்றிரண்டு கட்டைகள், அதன்மேல் கால் நனைய உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன். பின்னர் சென்னையில் கும்பினியார் கப்பல்கள் துறைமுகமின்றித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்ற காலத்தில், அலை மிகுந்து மசூலா படகுகூட இறங்க முடியாத நாள்களிலும் கட்டுமரக்காரர் போய் வந்தார். ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துத் தலையில் அணிந்துகொண்டு கரைக்கும் கப்பலுக்கும் இடையே நீந்தாத குறையாகப் போன அந்த மனிதரைப் பற்றி எழுதாத ஆங்கிலப் பயணி அரிது. அவர்கள் வழியாகவே சொல் லண்டனுக்குச் சேர்ந்தது. சேர்ந்ததும் தடம் மாறத் தொடங்கியது. 1804இல் பூலோன் துறையில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ராபர்ட் ஃபுல்டன் செய்து கொடுத்த வெடிமருந்துப் பெட்டிகளுக்கு ஆங்கிலக் கடற்படை 'கேட்டமரான்' என்று பெயரிட்டது. சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கும் வசைச் சொல்லாகவும் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது புழங்கியது. (கட்டுமரத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நம் நண்பர்கள் யாரேனும் ஆய்ந்து சொன்னால் மகிழ்வோம்.) 1876இல் நத்தானியல் ஹெரஷாஃப் என்னும் அமெரிக்கப் படகுச் சிற்பி 'அமரில்லிஸ்' என்ற இரட்டை ஓடப் பாய்ப்படகை நியூயார்க் பந்தயத்தில் இறக்கி மற்றவர்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளினார், இது படகே இல்லை என்று முறையீடு எழ, பரிசு பறிபோனது. அடுத்த ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பின் இரட்டை ஓடத்தின் பெயர் 'கேட்டமரான்' என்பது உறுதிப்பட்டுவிட்டது.

ஆனால் இரட்டை ஓடம் நம்மிடம் இல்லாத பொருளன்று. இரண்டு தோணிகளை அருகருகே நிறுத்திக் குறுக்கே கழியிட்டுப் பலகை பரப்பினால் அது சங்காடம். மலையாளத்தில் சங்ஙாடம். கேரளக் காயல்களில் வண்டி, மாடு, மனிதர் யாவரையும் அக்கரை சேர்த்த பொருள். அதன் வழிவந்த பெயராகவே இன்றைய 'ஜங்கார்' படகுகளைக் கொள்ள வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரையக் கடற்பயணம்' என்னும் கிரேக்க நூல், நம் கிழக்குக் கரையில் ஒற்றை மரங்களைப் பிணைத்துச் செய்த பெரிய கலங்களைச் 'சங்கரா' என்று குறிக்கிறது. அது சங்காடமே என்று கொண்ட அறிஞர்கள் உண்டு.

இந்தச் சங்காடமும் ஊரைவிட்டுப் போயிற்று. போர்ச்சுக்கீசியர் அதை 'ஜங்காதா' என்று எடுத்துக்கொண்டு பிரேசில் கரையில் கொண்டுபோய் வைத்தனர். வைத்தது எதன்மேல்? இரட்டைத் தோணியின்மேல் அன்று. வடகிழக்குப் பிரேசிலின் மீனவர்கள் லேசான ஐந்தாறு கட்டைகளை இணைத்துப் பாய் ஏற்றிக் கடலுக்குப் போன மிதவையின்மேல். அதாவது, நம் கட்டுமரத்தின் பெயர் அமெரிக்காவின் வடபாதியில் சங்காடத்துக்குச் சூட்டப்பட்டது. நம் சங்காடத்தின் பெயர் அதே கண்டத்தின் தென்பாதியில் கட்டுமரத்துக்குச் சூட்டப்பட்டது. சந்தையில் இரு குழந்தைகளின் கைவளையல் மாறிப்போனது போல ஆயிற்று. 1881இல் பிரேசிலின் சியரா மாநிலத்து ஜங்காதாக்காரர்கள், கரையிலிருந்து கப்பலுக்கு அடிமைகளை ஏற்றிச் செல்ல மாட்டோம் என்று மறுத்து நின்றார்கள். மூன்றாண்டுக்குள் அம்மாநிலம் அடிமை முறையை ஒழித்தது. சென்னைக் கரையில் கடிதம் சுமந்தவரின் தொழிலும் சியராவில் ஆளைச் சுமக்க மறுத்தவரின் தொழிலும் ஒன்றுதான்: அலைக்கும் கப்பலுக்கும் நடுவில் நிற்பது.

பெயரை விட்டுப் பொருளுக்கு வருவோம். இங்கே சித்தேரியைச் சொல்லாமல் நகர முடியாது. தருமபுரி மாவட்டத்தில், அரூருக்கு அப்பால், கிழக்குத் தொடர்ச்சி மலையின் மடிப்புகளுக்குள் இருக்கும் ஊர். சிற்றேரி என்பதே பேச்சில் சித்தேரி ஆயிற்று என்று கொள்ள இலக்கணத் தடை ஏதுமில்லை. காற்று காத்தாவது போலத்தான். பெயரில் ஏரி இருந்தாலும் கலம் ஏதுமில்லாத ஊர். மாவட்டத்துக்கு மிதவை என்றால் ஒகேனக்கல் பரிசல்தான் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட மலையிலிருந்து கட்டுமரத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். கட்டுமரம் கடலில் பிறப்பதில்லை; மலைக்காட்டில் பிறக்கிறது என்பதே விடை.

கடற்கரையில் தென்னையும் பனையும் உண்டு. அவை கட்டுமரத்துக்கு ஆகா. வேண்டியது பருத்த, நேரான, இலேசான மரம். மலைவேம்பு, பெருமரம், இலவு, கல்யாணமுருங்கை, அல்பீசியா வகைகள், தணக்கு. இவற்றில் தணக்கு நம் கவனத்துக்குரியது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட பாறைச் சரிவுகளில் வளரும் மரம். எடையே இல்லாதது போன்ற கட்டை. ஆங்கிலேயர் காலத்து வனவியலார் இதைக் கட்டுமரத்துக்கு மிக ஏற்ற மரமாகக் குறித்து வைத்திருக்கின்றனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் தொண்ணூற்றொன்பது மலர்களில் தணக்கமும் ஒன்று, இலவமும் ஒன்று. தலைவியும் தோழியும் பாறையில் குவித்த பூக்களின் மரங்கள் நெய்தல் நிலத்தின் கலமாகவும் ஆகக் கூடியவை என்று இதுவரை உரைகளில் யாரும் நின்று பேசியதாக நாம் காணவில்லை. சித்தேரித் தணக்கு நாகப்பட்டினத்துக்குப் போனது என்று நிறுவுவது நம் நோக்கமன்று. மலைக்கும் கடலுக்கும் இடையே ஒரு மரவழி இருந்தது என்பதே செய்தி. கடலோரப் பட்டணங்களின் மரவாடிகள் அந்த வழியின் முனைகள்.

சங்க இலக்கியத்தில் புணை என்னும் சொல் வரும் இடங்களையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். திமில், அம்பி, தோணி, வங்கம், நாவாய் என்று கடலுக்கும் கழிக்கும் தனித்தனிக் கலங்களைச் சொன்ன புலவர்கள், புணையைப் பெரும்பாலும் ஆற்றிலும் சுனையிலும்தான் வைத்திருக்கிறார்கள். நீர் விளையாட்டில் தழுவிக்கொள்ளும் மிதவை அது. கணியன் பூங்குன்றனார் வாழ்வின் போக்குக்கு உவமை தேடியபோதும் மலையிலிருந்து இறங்கிக் கல்லில் மோதி வரும் பேரியாற்றில்தான் புணையை விட்டார். புணை என்பதற்கும் பிணை என்பதற்கும் உள்ள உறவு வெளிப்படை. மரத்தைப் பிணைத்து நீரில் விடும் அறிவு மலையாற்றில் தோன்றிக் கழிமுகம் வழியாகக் கடலைச் சேர்ந்திருக்கும் என்பது நம் எண்ணம். திமிலைக் கட்டுமரம் என்று கொள்வோர் வேறு சொல்லக்கூடும்.

கட்டும் முறையைச் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் அளவுக்கு நிதானமாகப் பார்த்து எழுதியவர் இல்லை. இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி அவர் 1920இல் ஆசியக் கழகத்தின் வழியே வெளியிட்ட ஆய்வும், 1946இல் வந்த நீர்ப்போக்குவரத்து நூலும் இன்றும் மூலநூல்கள். அவர் காட்டும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஆந்திரத்தின் வடகரையில் கட்டைகளை முளையடித்து இறுக்குவார்கள். சோழமண்டலக் கரையில் ஆணி இல்லை, முளை இல்லை, கயிறு மட்டும். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப் படையில் மரங்கள். நடுமரம் தாழ்ந்தும் நீண்டும் இருக்க, பக்க மரங்கள் சற்று உயர்ந்து அணைந்து நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஆழமில்லாத தொட்டி போலத் தெரியும். அணியத்தில் முனைகளை வாய்ச்சியால் செதுக்கி மேல்நோக்கி வளைத்திருப்பார்கள். முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்துத் தென்னங்கயிற்றால் வரிந்தால் மரம் ஆயிற்று. மீனவர் பேச்சில் அது 'மரம்' மட்டும்தான். கட்டு என்ற முன்னொட்டு நமக்கும் வெள்ளைக்காரருக்கும்.

இதன் நுட்பம் முழுவதும் அந்தக் கட்டில் இருக்கிறது. படகு என்பது நீரை வெளியே நிறுத்தி உள்ளே காற்றை வைத்துக்கொள்ளும் பாத்திரம். நீர் உள்ளே வந்தால் அது முடிந்தது. கட்டுமரத்துக்கு உள் என்பதே கிடையாது. அலை மேலே ஏறி இடுக்குகள் வழியே இறங்கிப் போய்விடும். இறைக்க வேண்டியதில்லை, மூழ்கவும் மூழ்காது. மோதும் அலையில் கயிறு சற்று இளகிக் கொடுக்கும், மரம் உடையாது. துறைமுகம் இல்லாத, அலை வரிசையாக உடைந்து விழுகிற மணற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலத்தை யாரும் செய்ததில்லை.

கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். இதுதான் பலருக்குத் தெரியாத பாதி. மென்மரம் நீரைக் குடிக்கும். குடித்த மரம் கனக்கும், கனத்தால் தாழும். ஆகவே ஒவ்வொரு பயணம் முடிந்ததும் மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து, கழி கொடுத்துத் தூக்கி, மேட்டு மணலில் வெயில் படக் கிடத்த வேண்டும். மறுபடி கடலுக்கு இறங்கும்போது மறுபடி கட்டு. ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டப்படும் கலம் இது. பயணத்துக்குத் தயார் செய்தல் என்ற தனிச் சடங்கு இதற்கு இல்லை. தயார் செய்வதே கலம். ஹோபி படகுக்காரர் ஆண்டில் சில நாள் செய்வதைப் பரதவர் அன்றாடம் செய்தார். தண்ணீர்க் கலயம், சோறு, தூண்டில், வலை எல்லாமே மரத்தோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டும். கட்டாத பொருள் கடலின் பொருள். ஜோ டி குரூஸின் 'ஆழிசூழ் உலகு' (2004) படித்தவர்களுக்கு மரம் என்பது மனிதர் கையில் எவ்வளவு, கடல் கையில் எவ்வளவு என்பதை விளக்க வேண்டியதில்லை.

காலையில் போய் மாலையில் திரும்புவதே மரத்தின் இயல்பு. ஆனால் தங்கலும் உண்டு. நாகைக் கரையின் கோலாமரம் அதற்குச் சான்று. கோலா என்னும் பறக்கும் மீனைத் தேடி, வெயில் காலத்தில், ஏழு மரங்கள் சேர்த்துக் கட்டிய பெரிய கலத்தில், கரை கண்ணில் படாத தொலைவுக்குப் போவார்கள். இலைதழைக் கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டால் முட்டையிட இடம் தேடி மீன் அங்கே கூடும். கடலிலேயே இரவும் பகலும் கழியும். இன்று 'தங்குகடல்' என்று விசைப்படகுக்காரர் மனுவில் எழுதும் சொல்லின் முன்னோடி இந்த மரத்தின்மேல் கழிந்த இரவுகள்.

தீவில் தங்குவது இன்னொரு வகை. இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் தொடங்கித் தூத்துக்குடி வரை, மன்னார் வளைகுடாவில் கரைக்கு இணையாக 21 தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. இப்பகுதியில் வள்ளமும் வத்தையும் மிகுதி. தெற்கே போகப் போக மரம் கூடும். எதில் போனாலும் காற்று மாறும்போதும் மீன் படும்போதும் தீவில் ஒதுங்குவதும் தங்குவதும் தொழிலின் பகுதியாக இருந்தது. அப்படித் தங்கும் இடத்துக்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: வாடி. ஈழத்தில் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் பருவம் பார்த்து இடம்பெயரும் மீனவர் போடும் குடிலும் வாடிதான். இங்கே கருவாடு காயும் இடமும் வாடிதான். மரம் குவித்து விற்கும் இடமும் வாடிதான்.

தீவுகளின் பெயர்களைச் சற்று உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். நல்லதண்ணித் தீவு. உப்புத்தண்ணித் தீவு. இரண்டும் வேம்பாற்றுக் கரைக்கு எதிரே இருக்கின்றன. மணலைத் தோண்டிக் குடித்துப் பார்த்தவர் அல்லாமல் வேறு யார் இந்தப் பெயர்களை வைத்திருக்க முடியும்? இரவு தங்க வருகிறவனுக்கு முதலில் தெரிய வேண்டிய செய்தி அதுதான். அதைப் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முள்ளித் தீவு, முயல் தீவு, வாழைத் தீவு என்பவை கரையில் காலை வைத்தவர் கண்ட பொருள்கள். காரைச்சல்லி, விலாங்குச்சல்லி, புளுவினிச்சல்லி என்பவற்றில் வரும் சல்லி, காலில் குத்தும் பவளக் கல்லையே நினைவூட்டுகிறது. ஆனைப்பார் என்பதில் பார் என்றால் கடலடிப் பாறை. எந்த அரசனும் இந்தப் பெயர்களைச் செப்பேட்டில் வெட்டிக் கொடுக்கவில்லை. இது தங்கியவர்கள் எழுதிய நிலவியல்.

1986இல் இந்த 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 1989இல் அதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. தீவில் இறங்குவதும் தங்குவதும் குற்றமாயின. காரணம் இல்லாமல் இல்லை. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் வெட்டி வெட்டி, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீரில் முழுகிவிட்டன. வான் தீவு தேய்ந்து, அதைக் காக்கச் செயற்கைப் பாறைத் தொகுதிகளை இறக்க வேண்டியதாயிற்று. கடற்பசுவும் ஆமையும் அருகின. காப்பு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஐயம் வேறிடத்தில். தீவைச் சுற்றிக் கடற்பாசி எடுத்து வாழ்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. மூச்சடக்கி மூழ்கி, விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசியைக் கிள்ளி எடுப்பவர்கள். முன்பெல்லாம் பல நாள் தீவிலேயே தங்கி எடுத்தார்கள். பூங்கா வந்த பின், குறிப்பாக 2000க்குப் பின் கெடுபிடி கூட, அவர்கள் எல்லை மீறியவர்கள் ஆனார்கள். ஆனால் மாதத்தில் இத்தனை நாள் மட்டுமே எடுப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் தாமும் நிறுத்துவது என்று தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டவர்களும் அவர்களே. பாம்பன் அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண்மணி ஒருவர் 2015இல் தீவுச் சூழல் காப்புக்கான சீகாலஜி விருதைப் பெற்றார். ஒரு கடலுக்கு இரண்டு முகவரி: அமெரிக்க அமைப்பின் ஏட்டில் காவலர், இங்குள்ள பதிவேட்டில் அத்துமீறி.

இதைச் சித்தேரிக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. மலையாளிப் பழங்குடியினர் வாழும் மலை இது (கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், மலையை ஆள்பவர் மலையாளி). 1882இன் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு, காடு 'ஒதுக்கப்பட்ட' நாளிலிருந்து, விறகும் தேனும் கிழங்கும் எடுப்பவர் யாருடைய நிலத்தில் நிற்கிறார் என்ற கேள்வி இந்த மலையில் ஓயவில்லை. மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரத்தின் பெயரால் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்து நடத்தியது நாடறிந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் கூறியது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே நாளில், 2023இல், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறோம் என்று யாரும் கருத வேண்டாம். காட்டை அறிந்தவரைக் காட்டிலிருந்தும் தீவுக்குப் பெயரிட்டவரைத் தீவிலிருந்தும் வெளியே நிறுத்தும் சட்ட மொழி ஒன்றுதான் என்று சொல்கிறோம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வனநிலம் என்பதில் தேசியப் பூங்காக்களையும் சேர்த்தே வரையறுத்திருக்கிறது. கடலுக்குள் இருக்கும் பூங்காவும் பூங்காதானே என்று கேட்க இடமிருக்கிறது.

தீவில் ஓரிரவு தங்குவது இன்னும் முறைப்படி நடக்கும் இடம் ஒன்று உண்டு. அது எல்லைக்கு அப்பால் இருக்கிறது. கச்சத்தீவு. ஏறத்தாழ 285 ஏக்கர், குடிநீர் இல்லை, அந்தோணியார் கோயில் ஒன்று. 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட உடன்பாடு தீவை இலங்கைக்கு ஆக்கியது. அதன் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே, பயண ஆவணம் ஏதுமின்றி அங்கே சென்று வரலாம் என்கிறது. 1976இல் கடிதப் பரிமாற்றம் வழியாக ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பது விலக்கப்பட்டது. போர்க்காலத்தில் நின்றிருந்த திருவிழா 2010இல் மீண்டும் தொடங்கியது. பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ இராமேசுவரத்திலிருந்து பதிவு செய்த படகுகள் புறப்படும். முன்பு சோறும் தண்ணீரும் பாயும் கட்டினால் பயணம் தயார். இப்போது படகின் பதிவு, பயணியின் பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை, சோதனை, உயிர்காப்பு அங்கி. இக்கரையாரும் யாழ்ப்பாணத்தாரும் ஓரிரவு ஒரே மணலில் படுத்துறங்கி, காலைப் பூசை முடித்துப் பிரிகிறார்கள். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு பேசி முடித்த மணல் என்று முதியவர்கள் சொல்வதுண்டு.

கட்டுமரம் இப்போது அருகிவிட்டது. 1970களிலேயே மலைமரம் கிடைப்பது குறைந்து விலை ஏறத் தொடங்கியது. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் ஒருவரின் துணையோடு ஒட்டுப்பலகையில் படகு செய்யும் முயற்சி நடந்தது. 1979 முதல் சென்னையில் இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும் மரத்துக்கு மாற்றுத் தேடியது. பாய் போய் நீள்தண்டு வைத்த டீசல் இயந்திரம் வந்தது; அதன் அதிர்வைத் தாங்கக் கயிற்றுக் கட்டு போதவில்லை. தென்னங்கயிறு போய் நைலான் வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் வந்து குவிந்தபோது, உடைந்த மரத்துக்கு ஈடாக மரம் கேட்டவர் குறைவு. கண்ணாடியிழைப் படகு வேகமானது, உலர்ந்தது, பெரிய இயந்திரம் தாங்கும். பிரித்து உலர்த்த வேண்டியதில்லை. கவிழ்ந்தாலும் மிதக்க, உள்ளே நுரையடைத்த பெட்டி வைக்க வேண்டியிருக்கிறது. மரத்துக்கு அது தேவைப்படாத ஒன்று.

மலைவேம்பு மட்டும் நன்றாக இருக்கிறது. தருமபுரி உட்படப் பல மாவட்டங்களில் உழவர்கள் அதை வரிசையாக நட்டு வளர்க்கிறார்கள். ஆறேழு ஆண்டில் நெடுநெடுவென்று கணுவின்றி உயர்ந்துவிடும். வெட்டியதும் லாரி வரும்; ஒட்டுப்பலகை ஆலைக்குப் போகும்.